வாசகர் கேள்வி – பதில்: கணக்குப் போடும் கட்டற்ற மென்பொருட்கள்

ஆக்டேவ், ஆர் ஆகிய கணிப்பு மொழிகள், பைத்தான் மொழியின் நூலகங்களான நம்பை, சைபை போன்ற அறிவியல் கணிப்பு மென்பொருட்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

இந்த மென்பொருட்களை முதலில் எழுதியவர்கள் யார்? காசு வாங்காமல் கொடுத்ததில் அவர்களுக்கு என்ன ஆதாயம்? – கல்லூரி மாணவர்

தங்கள் வேலை முடிய வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் ஆதாயம். ஆக்டேவை எடுத்துக்கொள்ளுங்கள். விஸ்கான்சின்–மாடிசன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ராலிங்ஸும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் எக்கர்ட்டும் வேதி உலை வடிவமைப்புக்கு ஒரு பாடப்புத்தகம் எழுதினார்கள். அதற்குத் துணைக்கருவியாக 1988 வாக்கில் இந்த மென்பொருளைப் பற்றிய யோசனை பிறந்தது. மாணவர்கள் ஃபோர்ட்ரானில் நிரல் எழுதினால், உலைக்குள் என்ன நடக்கிறது என்று யோசிப்பதை விட்டுவிட்டு நிரல் ஏன் பாதியில் நின்றது என்று தேடுவதிலேயே நேரம் போய்க்கொண்டிருந்தது. ஜான் ஈட்டன் 1992 வசந்தத்தில் முழுநேரமாக இதில் இறங்கினார். முதல் சோதனை வெளியீடு 1993 ஜனவரி 4, பதிப்பு 1.0 வந்தது 1994 பிப்ரவரி 17. பெயருக்கும் இசைக்கும் தொடர்பில்லை. ஈட்டனின் ஆசிரியர், வேதிவினைப் பொறியியல் அறிஞர் ஆக்டேவ் லெவன்ஸ்பீலின் பெயர் அது.

ஆர் மொழியும் வகுப்பறையில்தான் தொடங்கியது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தங்கள் புள்ளியியல் ஆய்வகக் கணினிகளுக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல் எழுதத் தொடங்கியது. பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் உடனிருந்தவர்களும் 1976இல் தொடங்கிய எஸ் மொழியின் வடிவத்தை அது பின்பற்றியது. 1995இல் குனு பொது உரிமத்தின் கீழ் வெளிவந்தது, 1997இல் மையக் குழு அமைந்தது, 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வந்தது. பைத்தான் பக்கத்திலும் இதே கதைதான். ஃபெர்னாண்டோ பெரஸ் 2001இல் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்தபோது, கட்டளைக்குக் கட்டளை விடை பார்த்துக்கொண்டே வேலை செய்ய உதவும் ஐபைத்தானைத் தொடங்கினார். நிரலையும் விடையையும் ஒரே ஏட்டில் காட்டும் ஜுபிட்டர் அதிலிருந்து கிளைத்தது. வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் பார்க்க ஜான் ஹண்டர் எழுதியது மேட்பிளாட்லிப் என்ற வரைபட நூலகம்.

நம்பையின் பிறப்பு கொஞ்சம் வேறு மாதிரி. எண் அணிகளைக் கையாள, 1995இல் ஜிம் ஹுகுனின் தொடங்கிய நியூமெரிக் ஒரு பக்கம், விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தில் உருவான நம்அரே மறுபக்கம் என்று பயனர்கள் இரண்டாகப் பிரிந்துகிடந்தார்கள். ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதில் ஓடாது. டிராவிஸ் ஆலிஃபன்ட் 2005இல் இரண்டையும் இணைக்கும் வேலையைத் தொடங்கி, 2006இல் நம்பை 1.0 வெளியிட்டார். புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிடப் பிரிந்துபோன இரண்டைச் சேர்ப்பது கடினம் என்பது எங்கள் எண்ணம். இந்தத் துறையில் அதைச் செய்து காட்டியவர்கள் மிகக் குறைவு.

கணிதம் மாறுவதில்லை. அணிப் பெருக்கலுக்கு ஒருமுறை சரியாக நிரல் எழுதினால் போதாதா? ஆண்டுதோறும் புதுப் பதிப்பு எதற்கு? – ஓய்வுபெற்ற பொறியாளர்

கணிதம் மாறாதுதான். ஆனால் அதை ஓட்டும் கணினி, இயங்குதளம், நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர், மொழி எல்லாமே மாறுகின்றன. பராமரிப்பவர்களின் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்பது இதுவே.

பைத்தானில் ஆண்டுக்கொரு பதிப்பு வருகிறது. 2023 அக்டோபரில் வந்த 3.12இல், நிரல்களைக் கட்டமைக்க அதுவரை பயன்பட்ட டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பகுதியையே நீக்கிவிட்டார்கள். நம்பையும் சைபையும் அதை நம்பித்தான் இருந்தன. ஆகவே சைபை 1.9 பதிப்பிலும் நம்பை 1.26 பதிப்பிலும் மெசன் என்ற வேறு கட்டமைப்புக் கருவிக்கு மாறின. பயனர் கண்ணுக்கு ஒரு புது வசதிகூடத் தெரியாது. மாறாமல் இருந்திருந்தால் புதிய பைத்தானில் அவற்றை நிறுவவே முடியாது.

எண்களின் அளவு இன்னொரு தொல்லை. 32 பிட் (இரும இலக்க) முழு எண்ணில் எழுதக்கூடிய மிகப் பெரிய மதிப்பு 2,147,483,647. 46,341 கிடை வரிசை, 46,341 நெடுவரிசை உள்ள அணியின் உறுப்புகளின் எண்ணிக்கை அதைத் தாண்டிவிடும். நினைவகத்தில் அந்த அணி ஏறத்தாழ 17 ஜிபி. 1990களில் எவரும் நினைத்துப் பார்க்காத அளவு அது, இன்றைக்குச் சாதாரணம். உறுப்புகளை எண்ணும் மாறி 32 பிட்டாக எழுதப்பட்ட ஒவ்வொரு இடத்தையும் தேடித் திருத்த வேண்டியிருந்தது. ஆர் மொழியில் இந்த எல்லையைத் தாண்டும் நீண்ட திசையன்கள் (எண் வரிசைகள்) 3.0.0 பதிப்பில், 2013இல்தான் வந்தன. விண்டோஸில் நம்பையின் இயல்பான முழு எண் 2.0 பதிப்பு வரும்வரை, அதாவது 2024 ஜூன் வரை, 32 பிட்டாகவே இருந்தது. லினக்ஸில் சரியாக வந்த பெரிய பெருக்கல் விண்டோஸில் எச்சரிக்கை ஏதுமின்றி எதிர்மறை எண்ணாக வந்து நிற்கும்.

சைபைக்குள் குவாட்பேக், மின்பேக், ஓடிஇபேக் போன்ற பழைய ஃபோர்ட்ரான் 77 நிரல்கள் நிறைய இருந்தன. கணக்கு சரிதான், ஆனால் அந்த மொழியைத் தொட்டுத் திருத்தத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். விண்டோஸில் அதற்குக் கம்பைலர் ஏற்பாடு செய்வதும் தலைவலி. அதனால் அவற்றைப் படிப்படியாக வேறு மொழிக்கு மாற்றிவருகிறார்கள். விடை ஒரு இலக்கம்கூட மோசமாகக் கூடாது என்ற நிபந்தனையோடு இதைச் செய்ய வேண்டும். பாராட்டே கிடைக்காத வேலை.

ஆக்டேவ், ஆர், நம்பை மூன்றிலும் ஒரே சமன்பாட்டுத் தொகுதிக்கு ஒரே விடை வருகிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதினார்களா? அப்படியானால் என் கணினியில் ஆர் மட்டும் ஏன் மெதுவாக ஓடுகிறது? – ஆராய்ச்சி மாணவி

பார்த்து எழுதவில்லை. மூன்றும் கடைசியில் அணிக் கணக்குகளுக்கான லேபாக் என்ற ஒரே நூலகத்தைத்தான் கூப்பிடுகின்றன. லின்பேக், ஐஸ்பேக் ஆகிய பழைய நூலகங்களின் வழித்தோன்றலாக 1992இல் வந்தது அது. நம்பையிலோ ஆரிலோ சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால் உள்ளே ஓடுவது டிஜிஇஎஸ்வி என்ற நிரல்துண்டு. பெயர் இப்படி நறுக்கியதுபோல் இருப்பதற்குக் காரணம், ஃபோர்ட்ரான் 77இல் பெயருக்கு ஆறு எழுத்துதான் அனுமதி. வணிக மென்பொருளான மேட்லாப்பும் 2000ஆம் ஆண்டிலிருந்து லேபாக்கைத்தான் பயன்படுத்துகிறது. 1985இல் ஜாக் டொங்காராவும் எரிக் கிராஸும் தொடங்கிய நெட்லிப் சேமிப்பகம் வழியாக இந்த நூலகங்கள் உலகெங்கும் பரவின. மின்னஞ்சலில் கேட்டால் நிரல் மின்னஞ்சலிலேயே வந்து சேரும் காலம் அது.

வேகம் லேபாக்கில் இல்லை. அதற்கும் கீழே, அணிப் பெருக்கல் போன்ற அடிப்படைக் கணக்குகளைச் செய்யும் பிளாஸ் என்ற அடுக்கில் இருக்கிறது. 1000க்கு 1000 அணிகள் இரண்டைப் பெருக்க ஏறத்தாழ 200 கோடி கணக்குகள் தேவை. கணக்கைவிட, எண்களை நினைவகத்திலிருந்து செயலிக்குக் கொண்டுவருவதற்கே அதிக நேரம் ஆகிறது. நல்ல பிளாஸ், அணியைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒருமுறை செயலியின் இடைத்தேக்கத்துக்குள் (செயலியிலேயே உள்ள சிறிய, வேகமான நினைவகம்) வந்த எண்களைப் பலமுறை பயன்படுத்திய பிறகே வெளியே விடும். ஆருடன் வரும் பிளாஸ் எளிய மாதிரி வடிவம். சரியாகக் கணக்கிடும், ஆனால் இந்த உத்திகள் அதில் இல்லை. நம்பையை வழக்கமான முறையில் நிறுவினால் பெரும்பாலும் ஓபன்பிளாஸ் என்ற வேகமான பிளாஸ் கூடவே வந்துவிடும். உங்கள் கணினியில் தெரியும் வித்தியாசம் அநேகமாக இதுதான். ஆரில் செஷன்இன்ஃபோ கட்டளையைக் கொடுங்கள். எந்த பிளாஸ் கோப்பு இணைந்திருக்கிறது என்று அதன் பாதையோடு காட்டும். டெபியன், உபுண்டு லினக்ஸில் ஓபன்பிளாஸ் பேக்கேஜை நிறுவினால் போதும். ஆரைத் திரும்பக் கட்டமைக்க வேண்டியதில்லை.

மாற்றிய பின் ஒரு பொறி காத்திருக்கும். ஓபன்பிளாஸ் தானாகவே செயலியின் எல்லா உள்ளகங்களையும் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) எடுத்துக்கொள்ளும். நீங்களும் உங்கள் நிரலை எட்டு இணைச் செயல்முறைகளாகப் பிரித்து ஓட்டினால், எட்டு உள்ளகக் கணினியில் 64 இழைகள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) முட்டி மோதும். வேகம் கூடுவதற்குப் பதில் குறையும். ஓபன்பிளாஸின் இழை எண்ணிக்கையைச் சொல்லும் சூழல் மாறியை 1 என்று வையுங்கள். பைத்தானில் இதை நம்பையை இறக்குமதி செய்யும் வரிக்கு முன்பே வைக்க வேண்டும். பிறகு வைத்தால் பலன் இல்லை.

ஒரே நிரல், ஒரே தரவு. இரண்டு கணினிகளில் கடைசி இலக்கங்கள் வேறுபடுகின்றன. வழு என்று புகார் செய்யலாமா? – ஆய்வாளர்

அவசரப்படாதீர்கள். இந்த மென்பொருட்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் இரட்டைத் துல்லிய எண்ணில் ஏறத்தாழ 16 தசம இலக்கங்கள்தான் நிற்கும். 0.1ஐப் பத்து முறை கூட்டினால் 1 வராது; 0.9999999999999999 வரும். கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறும். ஓபன்பிளாஸ், ஓடும்போதே செயலியின் வகையைப் பார்த்து அதற்கேற்ற நிரலைத் தேர்ந்தெடுக்கிறது. எனவே செயலி மாறினால் கூட்டும் வரிசையும் மாறும். இழைகளின் எண்ணிக்கை மாறினாலும் அப்படித்தான்.

வேறுபாடு 16ஆவது இலக்கத்தில் இல்லாமல் 4ஆவது இலக்கத்தில் இருந்தால், முதலில் உங்கள் அணியின் நிலை எண்ணைப் பாருங்கள்; உள்ளீட்டின் சிறு பிழை விடையில் எவ்வளவு பெருகலாம் என்று சொல்லும் அளவு அது. அது 10¹³ என்றால் 13 இலக்கங்களைக் கையிலிருந்து விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்; மிச்சம் மூன்று. பத்துக்குப் பத்து ஹில்பர்ட் அணிக்கு நிலை எண் கிட்டத்தட்ட அவ்வளவு. அங்கே எந்த மென்பொருளும் காப்பாற்றாது. கணக்கையே வேறு விதமாக அமைக்க வேண்டும். ஐகன் திசையனின் (அணியால் பெருக்கினாலும் அதே கோட்டில் நிற்கும் திசையன்) குறி மாறி வந்தாலும் வழு இல்லை. ஒரு திசையன் விடை என்றால் அதன் எதிர்த் திசையனும் விடைதான்.

ஒப்பிடும் கருவியிலேயே ஒரு குழி இருக்கிறது. நம்பையின் ஆல்குளோஸ், இயல்பாக 10⁻⁵ சார்பு (மதிப்பின் விகிதத்தில் அளந்த) வேறுபாட்டையும் 10⁻⁸ நேரடி வேறுபாட்டையும் பொறுத்துக்கொள்ளும். உங்கள் மதிப்புகளே 10⁻¹⁰ அளவில் இருந்தால், ஒன்று மற்றொன்றைப்போல் ஐந்து மடங்கு இருந்தாலும் 'சமம்' என்றே சொல்லும். அலகை மாற்றுங்கள், அல்லது நேரடி வேறுபாட்டுக்கான எல்லையைச் சுழியமாக வையுங்கள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய நிரல் இப்போது ஓடவில்லை. ஓடினாலும் வேறு விடை தருகிறது. பழையதை ஏன் உடைக்கிறார்கள்? – பல வாசகர்கள்

இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். ஓடாமல் நின்றால் கண்டுபிடித்துவிடலாம்; வேறு விடை தருவதுதான் ஆபத்து.

ஓடாமல் நிற்பதற்குப் பொதுவான எடுத்துக்காட்டு, நம்பையில் ஃபுளோட் (தசம எண் வகை) என்ற பெயர் இல்லை என்ற பிழைச்செய்தி. அந்தப் பெயர் பைத்தானின் சொந்த ஃபுளோட்டுக்கு வெறும் மாற்றுப்பெயராக இருந்து குழப்பியது. 1.20 பதிப்பில் எச்சரிக்கை கொடுத்தார்கள், 1.24இல் நீக்கினார்கள். இடையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். எச்சரிக்கைகளைக் கண்டுகொள்ளாமல், அல்லது வடிகட்டிவிட்டு, நிரலை ஓட்டியவர்கள் ஒரே நாளில் உடைந்ததாக நினைத்தார்கள். திருத்தம் எளிது: நம்பை முன்னொட்டை எடுத்துவிட்டு வெறும் ஃபுளோட் என்று எழுதினால் போதும். நம்பை 2.0 வந்தபோது உடைந்தது வேறு ரகம்: 1.x பதிப்போடு கம்பைல் செய்த துணைப் பேக்கேஜ்கள் 2.0இல் ஏறாது. அவற்றின் புதிய வெளியீட்டை நிறுவுங்கள். வராதவரை நம்பையை 2க்குக் கீழே நிறுத்திவையுங்கள்.

விடை மாறுவதற்கு ஆர் 3.6.0 நல்ல பாடம். சாம்பிள் என்ற தற்போக்குத் தேர்வு, மிகப் பெரிய தொகையிலிருந்து எடுக்கும்போது முழுக்கச் சமவாய்ப்பு தரவில்லை என்று தெரிந்தது. 2019இல் வந்த அந்தப் பதிப்பில் முறையை மாற்றினார்கள். தற்போக்கு எண்களைத் தொடங்கிவைக்கும் அதே விதை எண்ணைக் கொடுத்தாலும் வேறு உறுப்புகள் தேர்வாகும். பழைய ஆய்வை மீண்டும் ஓட்ட வேண்டியவர்கள், ஆர்என்ஜிகைண்ட் கட்டளையில் சாம்பிள் முறையை 'ரவுண்டிங்' என்று கொடுத்தால் பழைய எண்கள் வரும். கூடவே ஒரு எச்சரிக்கையும் வரும், அது நியாயம்தான். அடுத்த ஆண்டு வந்த 4.0.0இல், கோப்பிலிருந்து படிக்கும் எழுத்துச் சரங்கள் தானாகக் காரணிகளாக (வகைகளைக் குறிக்கும் தரவாக) மாறுவதை நிறுத்தினார்கள். அதை நம்பியிருந்த நிரல்கள் சில நின்றன. சில நிற்காமல் வேறு விடை தந்தன.

பைத்தான் உலகில் இந்த மாற்றங்களுக்குக் கால அட்டவணையே இருக்கிறது. அறிவியல் பேக்கேஜ்களுக்கான பொதுப் பரிந்துரைப்படி ஒரு பைத்தான் பதிப்பு வெளியாகி மூன்று ஆண்டுகள் ஆனதும் அதற்கான ஆதரவை நிறுத்தலாம். நம்பை போன்ற அடிப்படைப் பேக்கேஜின் பதிப்பு என்றால் இரண்டு ஆண்டுகள். ஆக, மூன்று வருடம் தொடாமல் வைத்த நிரல் அப்படியே ஓடும் என்று எவரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஆய்வு தொடங்கும் நாளிலேயே தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, எல்லாப் பேக்கேஜ்களின் துல்லியமான பதிப்பு எண்களையும் கோப்பில் எழுதி, நிரலோடு சேர்த்து வையுங்கள். இதற்குப் பைத்தானில் பிப் ஃபிரீஸ், ஆரில் ஆர்என்வ் உதவும். நீங்கள் நேரடியாக நிறுவியவற்றை மட்டும் எழுதினால் போதாது. அவை இழுத்துவந்தவையும் பட்டியலில் இருக்க வேண்டும். உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

வழு ஒன்றை அறிவித்து மூன்று மாதம் ஆகிறது. பதிலே இல்லை. – பொறியாளர்

நீங்கள் அனுப்பிய பிரதியைப் பார்த்தோம். "பெரிய கோப்பைத் திறந்தால் செயலிழக்கிறது, உடனே சரிசெய்யவும்" என்று இருக்கிறது. கூடவே 900 வரி நிரல். அதை எடுத்துப் படிக்க ஒருவருக்கு அரைநாள் வேண்டும். அந்த அரைநாள் பராமரிப்பவர் எவரிடமும் இல்லை. கறாராகத் தோன்றினாலும் உண்மை அதுதான்.

நிரலை வெட்டிக்கொண்டே போங்கள். பாதியை நீக்குங்கள், வழு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மிச்சத்தில் பாதி, இல்லாவிட்டால் நீக்கியதைத் திரும்ப வைத்து மறுபாதி. 900 வரி பத்துச் சுற்றுக்குள் பத்து வரிக்கு வந்துவிடும். வெளித் தரவுக்கோப்புக்குப் பதில் நிரலுக்குள்ளேயே மூன்று, நான்கு எண்களை எழுதுங்கள். தற்போக்கு எண்கள் தேவையென்றால் விதை எண்ணைக் கொடுங்கள். பிறகு, என்ன விடையை எதிர்பார்த்தீர்கள், ஏன் எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது. இதில் 'ஏன்' என்பதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பாதி வழு அறிக்கைகள் ஆவணத்தை மாற்றிப் புரிந்துகொண்டதால் வருபவை, அந்த ஒரு வரி இருந்தால் இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும். பிழைச்செய்தியைத் திரைப்பிடிப்புப் படமாக அனுப்பாமல் எழுத்தாக, முதல் வரியிலிருந்து முழுவதும் ஒட்டுங்கள். படத்தில் உள்ளதைத் தேட முடியாது. பதிப்பு விவரங்களுக்கு ஆக்டேவில் வெர், ஆரில் செஷன்இன்ஃபோ, நம்பையில் ஷோ ரன்டைம் ஆகியவற்றின் வெளியீட்டை அப்படியே சேருங்கள்.

அனுப்புவதற்கு முன் புதிய வெளியீட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முந்தைய பதிப்பில் சரியாக ஓடியது என்றால் எந்தப் பதிப்பு வரை ஓடியது என்று கட்டாயம் எழுதுங்கள். புதிதாகப் புகுந்த வழுவை வெளியீட்டுக்கு முன் தீர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் முதலில் சேர்ப்பார்கள். மூன்று மாத மௌனத்துக்குப் பின் 'ஏதாவது ஆயிற்றா?' என்று கேட்பதைவிட, பத்து வரி நிரலோடு அதே அறிக்கையில் மீண்டும் எழுதுங்கள்.

மேட்லாப்பில் உள்ள ஒரு சார்பு (ஃபங்ஷன்) ஆக்டேவில் இல்லை. அதன் மூலக்கோப்பு என் கணினியில் திறந்தே இருக்கிறது. அதைப் பார்த்து எழுதித் தரலாமா?

கூடாது. படிக்க முடிகிறது என்பதால் அது கட்டற்றது ஆகிவிடாது. படித்துவிட்டு எழுதினால், மாறிப் பெயர்களை மாற்றினாலும், உரிமைச் சிக்கல் ஆக்டேவ் மீது விழும். அந்த மூலத்தைப் பார்த்தவர்கள் அந்தச் சார்பை எழுத வேண்டாம் என்பதே ஆக்டேவ் திட்டத்தின் நடைமுறை. வெளியிட்ட பயனர் ஆவணத்தையும் கணித நூல்களையும் பார்த்து எழுதலாம். உள்ளீடு கொடுத்து வெளியீட்டை ஒப்பிடலாம். மேட்லாப்பில் ஓடும் நிரல் ஆக்டேவில் ஓடாவிட்டால் அதையே வழுவாக அறிவிக்கலாம்.

இதே எச்சரிக்கை கட்டற்ற மென்பொருட்களுக்கு இடையிலும் உண்டு. சைபைக்கு நிபந்தனை குறைந்த பிஎஸ்டி உரிமம். ஆர், ஆக்டேவுக்கு, வழிப்படைப்பையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்னும் குனு பொது உரிமம். ஆரிலிருந்து ஒரு சார்பைப் பைத்தானுக்கு மொழிமாற்றினால் அது ஆரின் வழிப்படைப்பு, சைபை ஏற்காது.

எனக்கு சி++ தெரியாது. நான் எப்படிப் பங்களிப்பது? – பள்ளி ஆசிரியை

சோதனை எழுதுங்கள். ஆக்டேவில் பல சார்புகள் அதன் சொந்த மொழியிலேயே எழுதப்பட்டவை. ஒவ்வொரு கோப்பின் அடியிலும் விழுக்காட்டுக் குறியும் வியப்புக்குறியும் சேர்ந்து தொடங்கும் வரிகளில் சோதனைகள் இருக்கும். டெஸ்ட் என்ற கட்டளையோடு சார்பின் பெயரைக் கொடுத்தால் அவை ஓடும். கணிதம் கற்பிக்கும் உங்களுக்கு, விடை உறுதியாகத் தெரிந்த எடுத்துக்காட்டுகள் கைவசம் இருக்குமே. வெற்று அணி, ஒரே உறுப்பு, கலப்பெண், எண் அல்லாத மதிப்பு, ஒற்றைத் துல்லியம் – இந்த ஐந்தையும் கொடுத்துப் பார்த்தால் ஏதாவது ஒரு சார்பாவது தடுமாறும். வழு எண் ஒன்றோடு சேர்ந்த சோதனையில் எண்ணுக்கு முன் நட்சத்திரக்குறி இருந்தால் அது தீர்ந்த வழு. அந்தச் சோதனை தோற்றால் பழைய வழு திரும்பிவிட்டது என்று பொருள்.

ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டி, அச்சிட்ட விடையே வருகிறதா என்று பார்ப்பதும் நல்ல தொடக்கம். முதல் பேட்ச் (நீங்கள் அனுப்பும் திருத்தம்) தேங்குவதற்கு வழக்கமான காரணம், ஒன்றில் பல மாற்றங்களைத் திணிப்பது. வழுவைத் திருத்தும்போது பக்கத்து வரிகளின் இடைவெளியையும் சீர்செய்துவிட்டால், பார்ப்பவருக்கு எது திருத்தம், எது அலங்காரம் என்று தெரியாது. ஒரு பேட்சுக்கு ஒரு நோக்கம். ஆக்டேவின் மூலநிரலில் வழுத் திருத்தம் நிலைக் கிளைக்கும் (ஸ்டேபிள்), புது வசதி இயல்புக் கிளைக்கும் (டிஃபால்ட்) போக வேண்டும். கிளை மாறினால் திரும்பச் செய்யச் சொல்வார்கள்.

பராமரிப்பவர் விலகிவிட்டால், அல்லது இறந்துவிட்டால்? என் முழு ஆய்வும் ஒரு சிறு பேக்கேஜை நம்பி இருக்கிறது. – முனைவர் பட்ட மாணவர்

இந்தப் பயம் நியாயமானது. எம்ஐடியில் பிறந்த இயற்கணித மென்பொருளான மேக்சிமாவை வில்லியம் ஷெல்டர் என்ற ஒரே மனிதர் 1982 முதல் பார்த்துக்கொண்டார். 1998இல் பொது உரிமத்தில் வெளியிட அமெரிக்க எரிசக்தித் துறையிடம் அனுமதி பெற்றார், 2001இல் காலமானார். அந்த அனுமதி இருந்ததால்தான் பயனர் குழு ஒன்று எடுத்துத் தொடர முடிந்தது. ஜான் ஹண்டர் 2012இல் மறைந்த பிறகும் மேட்பிளாட்லிப் நிற்கவில்லை. கசுஷிகே கோட்டோ எழுதிய கோட்டோபிளாஸ் வளர்ச்சி நின்றபோது அதிலிருந்து 2011இல் ஓபன்பிளாஸ் கிளைத்தது. உரிமமும் மூலமும் கையில் இருந்தால் தொடரலாம். ஆனால் தொடர ஆள் வர வேண்டும்.

புது ஆள் வருவதிலும் ஆபத்து உண்டு. எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியைக் களைத்துப்போன ஒரு தன்னார்வலர் பராமரித்தார். உதவ வந்த ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேலாக நம்பிக்கை சம்பாதித்து, 5.6.0 பதிப்பில் பின்வாசல் (பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி) ஒன்றைச் செருகினார். 2024 மார்ச் 29 அன்று ஒரு பொறியாளர் அதை அம்பலப்படுத்தினார். தொலை உள்நுழைவு அரை நொடி தாமதமானது ஏன் என்று தேடப்போய்க் கிடைத்தது அது.

உங்கள் பேக்கேஜில் கடந்த ஓராண்டில் மாற்றங்களை ஏற்றவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். ஒருவர் மட்டும் என்றால் கவனம். கடைசி வெளியீட்டின் தேதியைவிட, வழு அறிக்கைகளுக்குப் பதில் வருகிறதா என்பது முக்கியம். ஆரின் கிரான் களஞ்சியத்தில், சோதனையில் தோற்ற பேக்கேஜைத் தவணைக்குள் சரிசெய்யாவிட்டால் காப்பகத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அதை நம்பியிருக்கும் மற்றப் பேக்கேஜ்களும் பின்னாலேயே போகலாம். காப்பகத்தில் பழைய மூலம் கிடைக்கும், ஆனால் கையால் நிறுவ வேண்டும். இப்போதே மூலத்தின் ஒரு பிரதியை ஆய்வுக் கோப்புகளோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

நீண்ட காலம் எங்கிருந்தும் வரவில்லை. நம்பை 2006இல் 1.0 கண்டது, அதன் வளர்ச்சிக்கென்றே நேரடி நிதி கிடைத்தது 2017இல்தான், மூர் அறக்கட்டளையிடமிருந்து. 2012இல் தொடங்கிய நம்ஃபோகஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு, நம்பை, ஜூலியா மொழி போன்ற திட்டங்களுக்கு வரும் நன்கொடையைப் பெற்றுக் கணக்கு வைக்கிறது. நிதி தருபவர்கள் புது வசதிக்குத் தருவார்கள். பழைய வழுக்களைத் தீர்க்கவும் வெளியீடுகளைச் செய்யவும் தருவது அரிது. உங்கள் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி கேட்கும்போது, நீங்கள் நம்பியிருக்கும் மென்பொருளுக்குத் திருத்தங்களைத் திருப்பித் தர ஓர் ஆளின் நேரத்தில் சிறு பங்கை ஒரு செலவினமாகவே எழுதுங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் எழுதிய நிரலை வெளியிட விரும்புகிறோம். குறைந்தபட்சம் என்ன வேண்டும்?

முதலில் உரிமக் கோப்பு. அது இல்லாவிட்டால், மூலம் எல்லோர் கண்ணிலும் பட்டாலும் சட்டப்படி எவரும் பயன்படுத்த முடியாது. எழுதிய நிரலுக்கு உரிமையாளர் நீங்களா நிறுவனமா என்பதையும் அதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். உரிமத்தை நீங்களாகவே எழுதாதீர்கள். பிஎஸ்டி, எம்ஐடி, பொது உரிமம் இவற்றில் ஒன்றை மாற்றாமல் எடுங்கள்.

சிறு மாதிரித் தரவும் அதற்கு வர வேண்டிய விடையும் இருக்கட்டும். ஒரு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். இல்லாவிட்டால் எவரும் ஓட்டிப் பார்க்க மாட்டார்கள். உங்கள் கணினியின் கோப்புப் பாதைகள் நிரலுக்குள் எழுதியிருந்தால் நீக்குங்கள். புதிய கணினியில் முதலில் உடைவது அவைதான். கடவுச்சொல்லோ நோயாளித் தரவோ எப்போதாவது நிரல் வரலாற்றில் நுழைந்திருந்தால், இப்போதைய கோப்பிலிருந்து அழித்தது போதாது. வரலாற்றிலும் அது இருக்கும். புது வரலாறாகத் தொடங்குவது எளிது. பதிப்பு எண் ஒன்று கொடுத்து, ஜெனோடோ என்ற இணைய ஆய்வுக் களஞ்சியத்தில் வைத்தால் நிலையான அடையாள எண் கிடைக்கும்.

கட்டுரையில் மென்பொருளை எப்படிச் சுட்டுவது?

ஆரிலும் ஆக்டேவிலும் சைட்டேஷன் என்று கட்டளை கொடுங்கள். மேற்கோள் வாசகம் தயாராக வரும். பேக்கேஜின் பெயரைச் சேர்த்தால் அதற்குரியதும் வரும். நம்பைக்கு 2020இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை இருக்கிறது. எதுவானாலும் பதிப்பு எண்ணை விடாதீர்கள்.